ஆறு மணிக்குள் ஒரு போன்

தோள்பட்டை வலி கனகாவை விடியுமுன்னே எழுப்பிவிட்டது. வலது பக்கம். முடி வாரக் கையைத் தூக்கினால் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் கம்பியைக் கட்டி இழுப்பது போல இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சாந்துச் சட்டி சுமந்த தோள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த நாளிலிருந்து எத்தனை மாடி ஏறியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிய வீடு ஒன்றில்கூட இரண்டாம் தடவை கால் வைத்ததில்லை.

கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சதைதான் இறுகிக் கிடக்கிறது என்றார் டாக்டர். "யாரையாவது விட்டு எண்ணெய் போட்டு நல்லாத் தேய்க்கச் சொல்லும்மா. வீட்ல ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றாள் கனகா.

இருந்தது மகள் சுசித்ரா ஒருத்திதான். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். புருஷன் வேலாயுதம் திருப்பூருக்கு வேலைக்கென்று போய்ப் பதினோரு வருஷமாயிற்று. அங்கே அவனுக்கு வேறு குடும்பம்.

வலி மட்டும்தான் என்றால் சுசித்ராவையே தேய்த்துவிடச் சொல்லியிருப்பாள். அது மட்டுமில்லை. பதினோரு வருஷமாக அவள் உடம்பில் கை வைத்தவர்கள் எல்லோரும் பாரம் ஏற்றத்தான் வைத்தார்கள். பஸ்ஸில் இடித்தவன்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நாற்பத்து நாலு வயசில் உடம்பு ராத்திரியில் எதையோ கேட்டது. சோறு கேட்பது போல, வெட்கமில்லாமல் கேட்டது. ஆம்பிளை வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. ஆம்பிளை வந்தால் அவன் சட்டையையும் சேர்த்துத் துவைக்க வேண்டும். யாராவது நிதானமாகத் தொட வேண்டும், தொட்டுவிட்டுப் போய்விட வேண்டும். இதை வெளியே சொன்னால் என்ன பேர் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆவணியில் சுசித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கவின்ராஜ், மேஸ்திரி மாரிசாமியின் அண்ணன் மகன். கனகாவுக்கு வேலை கொடுப்பதும் மாரிசாமி, சம்பந்தம் பேசி முடித்ததும் மாரிசாமி. அவன் காதுக்கு ஒரு சொல் போனால் இரண்டும் போய்விடும்.

முதலில் அக்ரஹாரத்துச் சந்து ஒன்றில் ஆயுர்வேத மசாஜ் என்று போர்டு போட்ட இடத்துக்குப் போனாள். கல்லாவில் ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்க்காமல் "ஃபுல்லா, ஹாஃபா?" என்று கேட்டான். உள்ளே கூட்டிப்போன பெண்ணுக்கு இருபது வயசு இருக்கலாம், நாலு நாள் தூங்காத கண். கனகா கட்டிலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"இதென்ன அம்மிணி, வெளிய தாப்பா?"

"ஓனர் போட்டதுக்கா."

"நீ உள்ள இருக்கறப்ப ஆரு போடுவா?"

அந்தப் பெண் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். கனகா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமோ என்று பஸ் ஏறிய பிறகு தோன்றியது. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்தது போனில். மனோஜ்குமார் என்று பேர் சொன்னான். குரலில் தேன் ஒழுகியது.

"லேடீஸ் ஒன்லி, ஹோம் சர்வீஸ் மேடம். வலி, டென்ஷன் எல்லாம் போயிடும்."

"லேடீஸுக்கு மட்டும்னா, பண்றது ஆரு?"

"நான்தான் மேடம். ட்ரெய்ண்டு."

"நீ லேடீஸா?"

"ஐயோ மேடம், ஜோக் பண்றீங்க. உங்க போட்டோ ஒண்ணு அனுப்பிவிடுங்க."

"தோள்பட்டையையா?"

"ஃபேஸும் சேத்துதான்."

"ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்குது, அதையே அனுப்பறன் இரு" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் மிச்சமிருந்தது கோகுலம் பகுதியில் பார்த்த ஒரு மாடிதான். தையில் அங்கே ஒரு தெருவில் மாரிசாமி ஒரு வீட்டுக்கு இரண்டாம் மாடி எழுப்பினான். பக்கத்து வீடு கேசவமூர்த்தி என்ற ரிட்டையர்டு பேங்க்காரருடையது. கீழே அவர், மாடியில் ரக்ஷா என்றொரு வாடகைக்காரப் பெண், முப்பத்தைந்து வயசிருக்கும். வெளிப்படிக்கட்டில் தினமும் இரண்டு மூன்று பெண்கள் ஏறுவார்கள். மணல் சுமந்துகொண்டே கனகா பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறும்போது விறைப்பாக, ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இறங்கும்போது படியில் காலை ஊன்றி ஊன்றி இறங்குவார்கள். என்னவோ நடக்கிறது என்று சந்தேகப்பட்டு அந்த வீட்டு வேலைக்காரியிடம் கேட்டதற்கு, "பாடி வொர்க்காம். பொம்பளைங்களுக்கு மட்டும். மசாஜ் மாதிரி, ஆனா அது மட்டும் இல்லியாம்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அந்த அது மட்டும் இல்லியாம்தான் ஆறு மாசமாகக் கனகாவின் மண்டைக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறிப் போனாள். ரக்ஷா வாசலிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். மேல்கோட்டை ஐயங்கார் வழியில் வந்த வீட்டுப் பெண். தமிழ் பேசினாள், இடையிடையே கன்னடம் வந்தது.

"இங்க என்ன பண்ணுவீங்கன்னு நேரா கேக்கறன் மேடம்."

"நேரா சொல்றேன் அக்கா. எண்ணெய் போட்டு உடம்பு பூராத் தொடுவேன். வலிக்கும் சரி, சுகத்துக்கும் சரி. சுகம்னு ஒண்ணு உடம்புக்கு வேணும்தானே. எங்க வரைக்கும்னு நீங்க சொல்லணும். எனக்கும் ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டிக் கேட்டா நான் மாட்டேன்னுடுவேன். படுக்கறதுக்குன்னு வர்ற எடம் இல்லை இது."

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவளை நம்பலாமா? கனகாவுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. நல்ல மேஸ்திரி அதிகம் பேச மாட்டான்.

கூலிக்கு நிற்கும் பெண்கள் புது மேஸ்திரியை விசாரிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். அவனிடம் இப்போது வேலை செய்கிறவளைக் கேட்க மாட்டார்கள். அவளுக்குச் சம்பளம் பாக்கி நிற்கும், பயத்தில் நல்லதாகத்தான் சொல்வாள். விட்டுவிட்டுப் போனவளைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள்.

"உங்ககிட்ட வந்துட்டு அப்புறம் வராம நின்னுட்டவங்க நம்பர் ஒண்ணு குடுங்க."

ரக்ஷா சிரித்துவிட்டாள். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனா தர மாட்டேன். இங்க வர்றவா பேரை நான் வெளிய சொல்றதில்லை. நாளைக்கு உங்க பேரை யாராவது கேட்டாலும் இதே பதில்தான்."

"அப்ப நான் எப்படி நம்பறது?"

"அவாகிட்ட கேக்கறேன். உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, இஷ்டம்னா அவாளே போன் பண்ணுவா."

இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. பேர் சொல்லவில்லை, நல்ல படித்த குரல், கன்னடம். நான் ஏன் நின்றேன் என்றால், அவள் போட்ட எல்லையைத் தாண்டி நான் ஒன்று கேட்டேன், முடியாது என்றாள், எனக்கு அவமானமாகப் போய்விட்டது, கோபத்தில் நின்றுவிட்டேன், தப்பு என்மேல்தான் என்றது அந்தக் குரல்.

"இதைப் பேச உங்களுக்கு அவங்க எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டாள் கனகா.

"நீங்க போங்க. உங்களுக்கு அவதான் சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அப்படியும் நம்பிக்கை முக்கால்தான் வந்தது. மிச்சக் காலுக்கு அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள்.

கூலியாட்கள் நிற்கும் முக்கில் மாதம்மா டீ விற்கிறாள். கொள்ளேகால்காரி, ஐம்பது வயசு, குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். எந்தப் பெண்ணாவது புது மேஸ்திரியின் வண்டியில் ஏறினால் வண்டி நம்பரைப் படம் பிடித்து மாதம்மாவுக்கு அனுப்ப வேண்டும். ஆறு மணிக்குள் போன் பண்ண வேண்டும். போன் வராவிட்டால் மாதம்மா யாரையும் கேட்க மாட்டாள், யோசிக்க மாட்டாள், ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு நாள் வராமலிருந்து, கடைசியில் குண்டலுபேட்டை ரோட்டோரம் கிடந்த பிறகு ஏற்பட்ட கட்டுப்பாடு அது. அதற்கப்புறம் ஒருத்தியும் காணாமல் போனதில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்குக் கோகுலத்து கேட் முன்னால் நின்று, பேர்ப்பலகையோடு கேட்டைப் படம் எடுத்தாள். "மாதம்மா, புது எடம். அஞ்சு மணிக்கு வந்துருவன்" என்று பேசி அனுப்பினாள். என்ன இடம் என்று சொல்லவில்லை.

மாடியில் காசை முதலில் எடுத்து நீட்டினாள். அப்புறம் கொடுத்தால் போதும் என்றாள் ரக்ஷா. கனகா கேட்கவில்லை, மேசையில் வைத்தாள். கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்ளே இருந்தது.

"நீங்களே போட்டுக்கோங்க. போடாமலும் இருக்கலாம். போனை மட்டும் ஆஃப் பண்ணி உங்க பையிலயே வெச்சுடுங்க அக்கா. எல்லாருக்கும் அதான் ரூல். வீடியோ பயம் எனக்கும் உண்டே."

போனை அணைக்கச் சொன்னதும் கனகா அதில் நேரத்தைப் பார்த்தாள். மணி மூன்று நாற்பது. ஐந்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அணைத்தாள்.

துணியைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தாள். ரக்ஷா எண்ணெயைக் கையில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டாள். "தோள்ல வைக்கட்டுமா?"

"வையுங்க."

"கழுத்து?"

"ம்."

"முதுகுத் துணியைக் கீழ எறக்கட்டுமா?"

"நீங்க கேட்டுட்டே இருந்தா எப்ப அம்மிணி வேலை பண்றது?"

"கேக்கறதும் வேலைதான்."

கனகாவால் அதை நம்ப முடியவில்லை. கை இடுப்புக்கு வந்ததும் "வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்று தோன்றவில்லை, சோதனைக்குத்தான் சொன்னாள். கை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து வைக்கச் சொன்னாள். வைத்ததும் மறுபடி வேண்டாம் என்றாள். நாலு தடவை இப்படிச் செய்தாள். சலித்துக்கொள்ளும் கை எப்படி எழும் என்று அவளுக்குத் தெரியும். விருட்டென்று எழும், வைக்கும்போது ஒரு அழுத்தம் கூடும். இந்தக் கை நாலு தடவையும் ஒரே மாதிரிதான் எழுந்தது, ஒரே மாதிரிதான் இறங்கியது.

ஐந்தாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தோளில் இருந்த முடிச்சு முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு எங்கேயோ போயிற்று. முழங்கையின் உட்பக்கம், காதுக்குப் பின்னால், பாதத்தின் குழி, தொடையின் பின்புறம் என்று கை போனது. ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் கேட்டது. எந்தப் பாரமும் இதுவரை உட்காராத இடங்கள் உடம்பில் இத்தனை இருப்பது அவளுக்குத் தெரியாது. தோலுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ நகர்ந்தது. தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததைக் கேட்டு வெட்கப்பட்டாள். "வரட்டும் விடுங்கோ" என்றாள் ரக்ஷா. கனகா விட்டாள். அப்படியே தூங்கியும் போனாள். குறட்டை விட்டுத் தூங்கினாள்.

ரக்ஷா எழுப்பவில்லை. அன்றைக்கு அடுத்து யாரும் வர வேண்டியதில்லை. போர்வையை மேலே இழுத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள்.

கனகாவை எழுப்பியது மாதம்மாவின் குரல்.

"எங்க புள்ளைய வெளிய அனுப்பு. அனுப்பறயா, கதவ ஒடைக்கட்டுமா?"

மணி ஆறு நாற்பது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கனகா புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியின் மேலிருந்து பார்த்தாள். கேட்டுக்குள் மாதம்மா, கூட நாலு சித்தாள்கள், ஒரு கான்ஸ்டபிள். நடுவில் மாரிசாமி. கேட் படத்தைப் பார்த்ததும் அவனுக்கு இடம் தெரிந்திருக்கிறது, நம்ம சைட்டுக்குப் பக்கத்து வீடு என்று கூட்டி வந்துவிட்டான். கேசவமூர்த்தி பனியனோடு வாசலில் நின்றார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை தெரிந்தது.

"உயிரோட இருக்கறயா? போன் என்ன ஆச்சு?" என்றாள் மாதம்மா. திட்டுகிற குரல்தான், கண்ணில் தண்ணீர் நின்றது.

"தூங்கிட்டனுங்க்கா."

"தூங்கிட்டியா? ஆரூட்ல வந்து தூங்கற?"

கான்ஸ்டபிள் கன்னடத்தில் கேட்டான். "இங்க எதுக்கும்மா வந்தே?"

கனகா படியிறங்கி வந்தாள். முடியில் எண்ணெய் வழிந்தது, கொசுவம் கோணலாக இருந்தது. மாரிசாமி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் சுசித்ராவின் கல்யாணமே தொங்குவது தெரிந்தது அவளுக்கு.

"வேலைக்குங்க."

"என்ன வேலை?"

"பாத்ரூம் கழுவ."

"பாத்ரூம் கழுவினா தலையில எண்ணெய் எப்படி வரும்?"

சித்தாள் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கனகாவுக்குக் காது அடைத்தது. வாய் தானாகப் பேசியது.

"கூலிக்குன்னுதானுங்க கூப்டாங்க. அப்புறம் தோள் வலின்னேன், எண்ணெய் தேய்க்கறேன்னு படுக்கச் சொன்னாங்க. போனையும் அமத்தச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதி நிஜம்தான். சேர்த்துக் கேட்டவர்களுக்கு அது வேறாகக் கேட்டது.

கேசவமூர்த்தி மாடியைப் பார்த்தார். ரக்ஷா மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாமே அவள் கையில் இருந்தது. இந்த அம்மா தானாக வந்தாள், இரண்டு தடவை வந்தாள், காசு மேசையில் இருக்கிறது பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். கனகா தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமா" என்றாள் ரக்ஷா. "வேலைக்குத்தான் வந்தா. தோள் வலின்னா, தேய்ச்சு விட்டேன். தூங்கிட்டா."

"வேலைக்கு வர்றவள படுக்க வெச்சு, போனை அமத்தி. என்னம்மா தொழில் இது?" என்றார் கேசவமூர்த்தி.

"நான் பெண்களுக்குப் பாடி வொர்க் பண்றேன்னு சொல்லித்தானே சார் வாடகைக்கு வந்தேன்."

"யோகா மாதிரின்னு நெனைச்சேன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு."

கான்ஸ்டபிள் ரக்ஷாவின் பேரையும் நம்பரையும் எழுதிக்கொண்டான். கம்ப்ளெயிண்ட் தருகிறாயா என்று கனகாவைக் கேட்டான். வேண்டாம் என்றாள். அந்த வேண்டாம் அவளைப் பெரிய மனசுக்காரியாகக் காட்டியது. வண்டியில் போகும்போது மாதம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "காசுக்காக ஆரு வேணா கூப்டுவாங்க. நாமதான் பாத்து நடக்கோணும்" என்றான் மாரிசாமி. சம்பந்தத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாரிசாமிதான் பந்தலுக்கு முன்னால் நின்றான். தோள் வலி பாதிக்கு மேல் போயிருந்தது. சம்பந்தியம்மாவுக்கு மாலை போட வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், தூக்க முடிந்தது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் ரக்ஷாவுக்குப் போன் போட்டாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள், எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா. தோள் எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க. அன்னிக்கு நான் பேசினது..."

"அதை என்கிட்ட சொல்லி என்ன அக்கா ஆகப்போறது? என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அக்ரஹாரத்துல அத்தை வீட்ல. வேலை இல்லை. ரெண்டு மூணு வீடு பாத்தேன். எல்லாரும் பழைய ஓனர் நம்பர் கேக்கறா. சாருக்குப் போன் பண்ணிக் கேக்கறா. அவர் உங்க வாயிலேர்ந்து என்ன கேட்டாரோ அதையே சொல்றார். கூலிக்கு வந்த பொம்பளையை ஏமாத்திப் படுக்க வெச்சவள்னு."

விட்டு வந்த இடத்தில் விசாரிக்கும் வழி வீட்டுக்காரர்களிடமும் இருந்தது.

"உங்க பேரை அவரும் கேட்டார். தெரியாதுன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டு ரக்ஷா வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கனகா கோகுலத்துக்குப் போனாள். மாடியில் 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கியது. கேசவமூர்த்தி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, அவ உனக்கு ஏதாவது பாக்கி வெச்சிருக்காளா? இங்க இல்லையே, தொரத்திட்டேன்."

வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். இவர் மாரிசாமியை அறிவார். தை மாசத்தில் இரண்டு பேரும் இதே கேட்டில் நின்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். சுசித்ரா புருஷன் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

"அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

நான் தெரிந்தேதான் வந்தேன், என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டாள், நான் சரி என்றேன். கேசவமூர்த்தியிடம் கனகா சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ரக்ஷாவுக்கு அவள் தர வேண்டிய பாக்கி அது. இன்னும் தரவில்லை.